அழைப்பவருக்கு உரியது

மனிதன் தன் பெயரைத் தானே தேர்ந்துகொள்ளும் சந்தர்ப்பம் வாழ்க்கையில் அரிதாகவே வாய்க்கிறது. பிறந்த குழந்தைக்குப் பெற்றோர் பெயரிடுகிறார்கள். துறவு பூணுகிறவனுக்குக் குரு பெயரிடுகிறார். பட்டப்பெயரை ஊரார் இடுகிறார்கள், அதை உடையவன் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அது அவனோடு ஒட்டிக்கொள்கிறது. எழுதுகிறவர்கள் புனைபெயர் வைத்துக்கொள்வது உண்டென்றாலும், அது ஆயுளில் ஒருமுறையோ இருமுறையோ நிகழ்வதுதான். ஆனால் நம் காலத்தில், கணினியின் முன் அமர்ந்து ஃப்ளைட் சிமுலேட்டரில் விமானம் ஓட்டி, இணையத்தின் வழியே தன்னைப் போன்ற பலருடன் ஒரே ஆகாயத்தைப் பகிர்ந்துகொள்கிற ஒருவன், தான் புறப்படும் ஒவ்வொரு முறையும் இன்று தன்னைப் பிறர் என்னவென்று அழைக்க வேண்டும் என்பதைத் தானே எழுதிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. விளையாட்டாகத் தோன்றும் இந்தச் சிறு காரியத்துக்குள், நாமம் என்பது என்ன, அது யாருடையது என்று நம் முன்னோர் நெடுங்காலம் விசாரித்த ஒரு பிரச்னை முழுவதும் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இந்த உலகத்தோடு பழக்கமில்லாத வாசகர்களுக்காகச் சில விவரங்களைச் சொல்லியாக வேண்டும். 2001ஆம் ஆண்டு தொடங்கிய வாட்சிம் என்னும் வலையமைப்பில் விமானிகளாக அமர்வோரும், டவரிலும் ரேடாரிலும் கன்ட்ரோலர்களாக அமர்வோரும் ஊதியம் எதுவும் பெறாத ஆர்வலர்கள். விமானம் பொய், மேகம் பொய், ஓடுபாதை பொய். ஆயினும் மெய்யான விமானப் போக்குவரத்தில் அனுசரிக்கப்படும் பேச்சு முறைகள் யாவும் அங்கே சிரத்தையோடு அனுசரிக்கப்படுகின்றன. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் மாறாத எண் ஒன்று வழங்கப்படுகிறது. அதற்கு மேல், அன்றன்றைய பயணத்துக்கென்று அவர் கால்சைன் என்னும் ஓர் அழைப்புப் பெயரைப் பூணுகிறார். பயணத்திட்டப் படிவத்தில் அதற்கு ஒதுக்கப்பட்ட இடம் ஏழு எழுத்துகளுக்கும் எண்களுக்கும் மேல் கொள்ளாது. நடுவில் சிறு கோடு போடவும் அனுமதியில்லை. அதே பெயரில் வேறொருவர் ஏற்கெனவே வானில் இருந்தால், இரண்டாமவரை வலையமைப்பு உள்ளே விடாது. பெயரை எழுதிய பிறகு விமானத்தின் வகை, புறப்படும் இடம், நேரம், வேகம், உயரம், வழி, சேருமிடம், அங்கே இறங்க இயலாவிடில் நாடும் மாற்று நிலையம், கையிருப்பு எரிபொருள் எத்தனை மணி நேரத்துக்குத் தாங்கும் என்பது வரை எல்லாவற்றையும் ஒருவன் அறிவித்தாக வேண்டும். இன்ன தேசத்தில், இன்ன காலத்தில், இன்ன கோத்திரத்தில் பிறந்து இன்ன பெயரையுடைய நான் இன்ன காரியத்தைத் தொடங்குகிறேன் என்று நம் வீடுகளில் சங்கல்பம் செய்துகொள்வதற்கும் இந்தப் படிவத்துக்கும் உள்ள ஒற்றுமையை நான் மேம்போக்காகச் சொல்லவில்லை. இரண்டிலும், காரியம் தொடங்குவதற்கு முன் கர்த்தா தன்னைப் பெயர் சொல்லிக் கட்டுப்படுத்திக்கொள்கிறான்.

தேர்ந்துகொள்ளத்தக்க பெயர்களும் இருவகைப்பட்டவை. விமானத்தின் பதிவு எழுத்துகளையே பெயராகக் கொள்வது ஒருவகை. இந்திய விமானங்களுக்கு வி.டி., இலங்கை விமானங்களுக்கு 4 ஆர், பிரிட்டனுக்கு ஜி என்று நாட்டுக்குறி முன்னே நிற்க, மற்ற எழுத்துகள் பின்தொடரும். நம் இலக்கண நூலார் இடுகுறிப்பெயர் என்று வகுத்தது இதைப் போன்றவற்றையே. விமானக் கம்பெனியின் அழைப்புச் சொல்லோடு பயண எண்ணைச் சேர்ப்பது மற்றொரு வகை. இங்கே காரணப்பெயர்கள் மலிந்து கிடக்கின்றன. அயர்லாந்தின் ஏர் லிங்கஸ் தன் நாட்டுச் சின்னமான இலையின் பெயரால் ஷாம்ராக் என்று அழைக்கப்படுகிறது. பாலைவன மாநிலமான அரிசோனாவில் வளர்ந்த அமெரிக்கா வெஸ்ட் கம்பெனி கள்ளிச்செடியின் பெயரை ஏற்று காக்டஸ் ஆயிற்று. 1932இல் இம்பீரியல் ஏர்வேஸுக்காக வரையப்பட்ட ஒரு பறவைச் சின்னத்தின் பெயர், கம்பெனிகள் மாறி மாறி வந்தும் அழியாமல், இன்று பிரிட்டிஷ் ஏர்வேஸின் விமானங்களை ஸ்பீட்பேர்ட் என்று அழைக்க வைக்கிறது.

இப்படிச் சூட்டப்படும் பெயர் எதைச் சுட்டுகிறது என்று கேட்டால்தான் விஷயம் ஆழமாகிறது. லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே பிரிட்டிஷ் ஏர்வேஸின் கான்கார்ட் விமானம் பறந்த காலத்தில் அதற்கு உரியதாயிருந்த 1 என்ற எண், கான்கார்ட் ஓய்வு பெற்ற பிறகு, 2009 முதல் லண்டன் சிட்டி நிலையத்திலிருந்து கிளம்பிய சின்னஞ்சிறு ஏர்பஸ் ஒன்றுக்கு வந்து சேர்ந்தது. உடல்தான் மாறிற்று, பெயர் நின்றது. ஒரே கம்பெனியில் ஒரே எண்ணைத் தாங்கி நேற்றுச் சென்ற விமானம் வேறு, இன்று செல்வது வேறு. விமானிகள் வேறு, பயணிகள் வேறு. அப்படியிருக்க, அந்தப் பெயருக்கு உடையவர் யார்? சாகல நகரத்து யவன அரசன் மிலிந்தன் நாகசேனர் என்னும் பிக்ஷுவைச் சந்தித்தபோது எழுந்த வினாவும் இதுவேயாகும். என்னை நாகசேனன் என்று அழைக்கிறார்கள், ஆனால் அது வெறும் வழக்குச் சொல், அதற்குள் புத்கலன் என்று ஒருவன் அகப்படமாட்டான் என்று அவர் சொல்ல, அரசன் திடுக்கிட்டு, அப்படியானால் சீலத்தைக் காப்பவன் யார், பாவத்தைச் செய்பவன் யார் என்று மடக்குகிறான். அவர் அவனை அவன் ஏறிவந்த ரதத்தின் பக்கம் திருப்புகிறார். ஏர்க்கால் ரதமா, அச்சு ரதமா, சக்கரம் ரதமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒன்றும் இல்லை என்று அரசன் வாயாலேயே சொல்ல வைத்து, இவை யாவும் கூடிய இடத்தில் ரதம் என்ற சங்கேதம் எழுகிறது, அவ்வளவே என்று முடிக்கிறார். விமானப் பெயரின் விஷயத்தில் இந்த வாதம் ரதத்தைக் காட்டிலும் நன்றாகப் பொருந்துகிறது. ரதத்துக்காவது அந்தந்த நேரத்தில் அச்சும் சக்கரமும் உண்டு, சிமுலேட்டர் விமானத்துக்கோ அவையும் இல்லை. வலையமைப்பு தந்த மாறாத எண்ணையாவது ஆன்மாவின் ஸ்தானத்தில் வைக்கலாமா என்றால், அதுவும் பிறர் இட்ட குறிதான்.

நாகசேனரின் முடிவை மறுக்க எனக்குத் துணிவில்லை. ஆயினும் உலக வியவகாரம் அந்த முடிவோடு நின்றுவிடுவதில்லை என்பதற்குக் கண்முன்னே சாட்சியங்கள் உள்ளன. 2025 ஜூன் 12ஆம் தேதி ஆமதாபாதிலிருந்து லண்டன் கேட்விக்குக்குக் கிளம்பிய ஏர் இந்தியா 171 ஏறிய சில விநாடிகளிலேயே வீழ்ந்து, அதிலிருந்த 242 பேரில் ஒருவர் தவிர அனைவரும் மாண்டார்கள். கீழே இருந்தவர்களிலும் பலர் மாண்டார்கள். அதன்பின் அந்தக் கம்பெனி 171 என்ற எண்ணைக் கைவிட்டு, அதே வழிக்கு 159 என்ற எண்ணை வைத்துக்கொண்டது. மலேசியா ஏர்லைன்ஸ், காணாமற்போன தன் விமானம் தாங்கிய 370 என்ற எண்ணைக் கைவிட்டு 318 என்று மாற்றிக்கொண்டதும் இப்படியே. வெறும் சங்கேதமாயின், அதை ஏன் துறக்க வேண்டும்? எண்ணுக்குத் தோஷம் ஏது?

எனக்குப் பழக்கமான இளைஞன் ஒருவன் இதே கேள்வியை வேறு திசையிலிருந்து என்னிடம் கொண்டுவந்தான். ஆமதாபாத் விபத்து அவனை மிகவும் பாதித்திருந்தது. முடியாமற்போன அந்தப் பயணத்தைத் தன் சிமுலேட்டரில், அதே வகை விமானத்தில், அதே வழியில், அதே பெயரில் தொடங்கி, கேட்விக்கில் பத்திரமாக இறக்கி முடிக்க வேண்டும் என்று அவனுக்கு ஓர் ஆசை. "அஞ்சலி மாதிரிதான் பெரியப்பா. நம்பர் வெறும் நம்பர்தானே, அதை நான் எடுத்துக்கிட்டா என்ன தப்பு?" என்றான். அவன் எண்ணத்தில் அசட்டையோ விளையாட்டுப் புத்தியோ துளியும் இல்லை. மாண்டவர்களின் குறைக்காரியத்தைத் தான் முடித்துவைக்க வேண்டும் என்னும் தவிப்பு மனித ஹிருதயத்தின் மேலான உணர்ச்சிகளில் ஒன்று. சிராத்தம் முதலிய கர்மங்களும் இந்த ஊற்றிலிருந்து சுரந்தவையே. அதனால்தான் அவனுக்குச் சுலபமான பதில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

பெயர் யாருக்காக இருக்கிறது என்று யோசித்தால் வழி புலப்படுகிறது. தன்னந்தனியே இருக்கிறவனுக்குப் பெயர் வேண்டியதில்லை. தன்னை நினைக்கும்போது எவனும் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு நினைப்பதில்லை. மற்றொருவன் அழைக்க வேண்டும் என்பதற்காகவே பெயர் பிறக்கிறது. மகாபாரதத்தின் விராட பர்வத்தில் இதற்கு ஓர் அற்புதமான நிகழ்ச்சி உண்டு. அஜ்ஞாதவாசத்துக்காக மத்ஸ்ய தேசத்துக்குள் புகுமுன், யுதிஷ்டிரர் ஊரறியக் கங்கன், வல்லவன், பிருகன்னளை என்று வைத்துக்கொண்ட பெயர்களோடு நில்லாமல், தங்களுக்குள் மட்டும் வழங்குவதற்காக ஜயன், ஜயந்தன், விஜயன், ஜயத்சேனன், ஜயத்பலன் என்று ஐந்து ரகசியப் பெயர்களையும் வகுத்தார். சைரந்திரியாயிருந்த திரௌபதியைக் கீசகனின் சுற்றத்தார் அவன் பிணத்தோடு சேர்த்துக் கட்டி மயானத்துக்குத் தூக்கிச் சென்றபோது, அவள் வீமா என்றோ அர்ச்சுனா என்றோ கதறவில்லை. அந்த ஐந்து பெயர்களையும் சொல்லித்தான் கதறினாள். அரண்மனைக்குள் இருந்த வீமன் அதைக் கேட்டு, மதிலைத் தாண்டி ஓடிவந்து அவளை மீட்டான். அந்தப் பெயர்கள் அவர்களுடைய பிறப்புப் பெயர்களல்ல. தேவை கருதி இடப்பட்ட சங்கேதங்கள். நாகசேனரின் அளவுகோலால் அளந்தால் இரட்டிப்புப் பொய். ஆனால் ஆபத்து வேளையில் ஒருத்தி அழைத்தாள், ஒருவன் செவிகொடுத்தான் என்ற மாத்திரத்தில் அவை மெய்யாகிவிட்டன.

ஆகாயப் பேச்சின் விதிகளை வகுத்தவர்கள் இந்த உண்மையை அறிந்தே வகுத்திருக்கிறார்கள் என்று எண்ணத் தோன்றுகிறது. நீண்ட பதிவெழுத்துகளைக் கொண்ட பெயரைச் சுருக்கி, முதலெழுத்தையும் கடைசி இரண்டையும் மட்டும் சொல்லி அழைக்கும் உரிமை தரையிலுள்ள கன்ட்ரோலருக்கே உண்டு. அவர் முதலில் சுருக்கி அழைத்த பின்னரே விமானி தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். தானாகத் தன் பெயரைச் சுருக்கிக்கொள்ள அவனுக்கு அதிகாரமில்லை. தன் வானத்தில் இன்னும் எத்தனை பெயர்கள் திரிகின்றன, எதைச் சுருக்கினால் எதனோடு குழம்பும் என்பது அழைப்பவருக்குத்தான் தெரியும். 2009 ஜனவரி 15ஆம் தேதி நியூயார்க்கின் லாகார்டியாவிலிருந்து எழும்பிய காக்டஸ் 1549, வாத்துக் கூட்டத்தில் மோதி இரு எஞ்சின்களின் வலுவையும் இழந்தபோது, விமானி சல்லன்பர்கர் அபயக்குரல் எழுப்புகையில் தன் எண்ணை 1539 என்று தவறிச் சொன்னார். கன்ட்ரோலரும் அவரை 1529 என்று அழைத்தார். எழுத்தளவில் பெயர் இருவர் வாயிலும் சிதைந்தது. ஆனால் அழைத்தவர் யாரை அழைக்கிறார் என்பதிலோ, பதில் சொல்கிறவர் தமக்குத்தான் அது என்பதிலோ ஒரு கணமும் ஐயம் எழவில்லை. விமானம் ஹட்சன் நதியில் இறங்க, அதிலிருந்த 155 பேரும் பிழைத்தார்கள். பெயரின் சரீரம் எண்ணும் எழுத்தும் என்றால், அதன் ஜீவன் இந்த அழைப்புக்கும் விடைக்கும் இடையில் இருக்கிறது என்று சொல்வது தவறாகாது.

இதனோடு காணாமற்போன மலேசிய விமானம் 370ஐ ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 2014 மார்ச் 8ஆம் தேதி நள்ளிரவு கடந்து 1.19 மணிக்கு, மலேசிய எல்லையைத் தாண்டி வியட்நாமின் ஹோ சி மின் மையத்தோடு தொடர்புகொள்ளும்படி சொன்ன கன்ட்ரோலருக்கு இரவு வணக்கம் கூறி, விமானத்திலிருந்து வந்த கடைசிப் பேச்சு அதன் சொந்தப் பெயரோடுதான் முடிந்தது. பிறகு அந்தப் பெயர் அழைக்கப்பட்டது, மறுபடியும் அழைக்கப்பட்டது, பதில் வரவில்லை. அந்த விமானத்தில் இருந்தவர்கள் 239 பேர். அவர்கள் உற்றார் இன்றுவரை மனத்துக்குள் அழைத்துக்கொண்டிருக்கும் ஒரு பெயருக்கு, வேறெங்கோ ஓர் அறையில் அமர்ந்து வேறொருவர் "இதோ இருக்கிறேன்" என்று பதில் சொல்லலாமா? 171ஐக் கேட்ட இளைஞனுக்கு நான் சொன்னதும் இதுதான். பயணத்தைச் செய், அதே வழியில் செய், கேட்விக்கில் பத்திரமாக இறக்கு. ஆனால் அந்தப் பெயருக்குப் பதில் சொல்லாதே, அதை யாரேனும் அழைத்தால் பதில் சொல்ல உரியவர்கள் நீயும் நானும் அல்ல என்றேன். எண்ணில் தோஷம் இருப்பதாக நான் நம்பவில்லை; ராகுகாலம் பார்க்கிற புத்தியால் நான் இதைச் சொல்லவுமில்லை. இடுகுறியாய்ப் பிறந்த பெயரும், மனிதர்கள் அதைச் சொல்லி அழைத்து அழைத்துக் காரணப்பெயராகிவிடுவது உண்டு. அவ்வாறு ஆனபின் அதை மீண்டும் வெறும் குறியாக்க ஒருவருடைய நல்லெண்ணத்தால் மட்டும் முடிவதில்லை.

இதெல்லாம் விளையாட்டுத்தானே, பொய் வானத்தில் இத்தனை தர்ம விசாரம் எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். அந்த வானத்தில் எது பொய், எது மெய் என்று சற்றே பிரித்துப் பார்த்தால் இந்த ஆட்சேபம் நில்லாது. விமானம் பொய்யே, ஆனால் ஹெட்செட்டில் ஒலிக்கும் குரல் மெய்யான மனிதருடையது. வேலை முடிந்து, சாப்பாட்டை முடித்துக்கொண்டு, தூக்கத்தைச் சற்று ஒத்திவைத்து, ஊதியமின்றி இரண்டு மணி நேரம் பிறர் விமானங்களை ஒழுங்குபடுத்த வந்து அமர்ந்திருக்கும் ஒருவருடையது. அவர் அழைப்பதும், அதற்கு நாம் விடை சொல்வதும், அல்லது சொல்லாமல் அவரைக் காக்கவைப்பதும் முற்றிலும் மெய்யான செயல்களே. வாட்சிம் விதிகளை எழுதியவர்கள் இதை உணர்ந்திருக்கிறார்கள். எஞ்சின் பழுது முதலிய ஆபத்துகளை ஒருவர் பாவனை செய்யலாம், கன்ட்ரோலர் நிறுத்தச் சொன்னால் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று இணக்கம் காட்டுகிற அந்த விதிகள், விமானக் கடத்தலைக் குறிக்கும் 7500 என்ற டிரான்ஸ்பாண்டர் எண்ணைப் போடுவதை மட்டும் அறவே தடுக்கின்றன. பாவனைக்கும் எல்லை உண்டு, அந்த எல்லை மற்றொருவர் மனம் இருக்கும் இடத்தில் போடப்படுகிறது.

அப்படியானால் மறைந்துபோன கம்பெனிகளின் பெயர்களை எடுத்துக்கொள்வதும் கூடாதோ என்று அடுத்த வினா எழும். கூடும் என்பதே என் அபிப்பிராயம். அதில் எனக்கு ஒரு பிரியம்கூட உண்டு. பான் அமெரிக்கன் கம்பெனியின் அழைப்புச் சொல் கிளிப்பர் என்பது. கடல் கடந்த பழைய பாய்மரக் கப்பல்களின் பெயரைத் தாங்கிப் பசிபிக்கையும் அட்லாண்டிக்கையும் கடந்த அந்தக் கம்பெனி 1991 டிசம்பர் 4ஆம் தேதி நின்றுபோயிற்று. கிளிப்பர் என்பது கணக்கற்ற பயணங்களுக்குப் பொதுவாயிருந்த குலப்பெயர். அதைப் பேணி வழங்குவதால் யாருடைய துக்கமும் தீண்டப்படுவதில்லை. ஆனால் அதே குலத்தில், 1977 மார்ச் 27ஆம் தேதி டெனரீஃப் ஓடுபாதையில் மற்றொரு விமானத்தோடு மோதி எரிந்த கிளிப்பர் 1736ஐயும், 1988 டிசம்பர் 21ஆம் தேதி லாக்கர்பியின் மேல் சிதறிய கிளிப்பர் 103ஐயும் அங்கங்கேயே விட்டுவிட வேண்டும். அவை குலத்துக்குப் பொதுவான பெயர்களல்ல, குறிப்பிட்ட மனிதர்களுடையவை. உலகைச் சுற்றிவந்த பயணங்களுக்கு அக்கம்பெனி மேற்கு நோக்கி 1 என்றும் கிழக்கு நோக்கி 2 என்றும் எண்ணிட்டிருந்தது. டில்லியும் அந்த வழியில் இருந்த ஊர்களுள் ஒன்று. அந்த 1 என்ற எண்ணைப் பூண்டு டில்லியை நெருங்குகிற ஓர் இளைஞன், கன்ட்ரோலர் தந்த உயரத்தையும் திசையையும் பிழையின்றித் திருப்பிச் சொல்லி, கிளிப்பர் ஒன்று என்று தெளிவாக முடிப்பானாயின், அப்பெயரை முன்பு தாங்கிய விமானிகளுக்கு அதைக் காட்டிலும் வேறு மரியாதை எதுவும் தேவைப்பட்டிருக்கும் என்று நான் கருதவில்லை.